கேக் யாருடையது?

சமையலறையில் விளக்கு தொங்க வேண்டிய கொக்கியில் ஒரு விமானம் தொங்குகிறது. விமானத்தின் மேல் விசிறி அச்சில் கட்டிய தூண்டில் நரம்புதான் அதைத் தாங்குகிறது. டோர்த்தே முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை அதன் வயிற்றுக்கு நேராகக் கொண்டுவந்து, உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய் ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மூச்சு விடாமல் பார்க்கிறார். மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். எவ்வளவு என்று கேட்டால் கோணமானியைத் தேடமாட்டார். "சூப் கிண்ணத்துக்கு முன்னாடி எவ்வளவு குனிவ? அவ்வளவு." பேட்டரியை ஒரு விரல் அளவு முன்னே தள்ளுகிறார். மறுபடி மிட்டாய், மறுபடி மூச்சடக்கம். வெளியே மழை மேற்கிலிருந்து சாய்வாக விழுந்துகொண்டிருக்கிறது. இங்கே அது நேராக விழுந்து நான் பார்த்ததில்லை.

பார்ப்பதற்கு ஹெலிகாப்டர் பொம்மை மாதிரிதான் இருக்கும். அப்படிச் சொன்னால் டோர்த்தே திருத்துவார். "ஹெலிகாப்டர்ல மேல் விசிறிய மோட்டார் சுத்தும். இதுல காத்துதான் சுத்தணும். மோட்டார் முன்னாடி நின்னு இழுக்கிறதோட சரி. மேல இருக்கிறது வர்ற காத்துல தானா சுத்தும், தானா தூக்கும். இதுக்குப் பேரு ஆட்டோகைரோ." அந்தச் சொல்லை மட்டும் கொஞ்சம் மரியாதையோடு உச்சரிப்பார். மற்ற நேரங்களில் அது வெறும் 'அது'. ஒரு பெயர் வைக்கக் கூடாதா என்று, ஞாயிறுதோறும் இப்படிப்பட்ட விமானங்களைப் பறக்கவிடும் கிளப்பில் யாரோ கேட்டதற்கு, "கீழ விழப்போறதுக்குப் பேரு வச்சா அழ வேண்டியிருக்கும்" என்றார்.

டோர்த்தேயும் நானும் வேலை செய்யும் தொழிற்சாலையில் காற்றாலைகளுக்கு இறக்கை செய்கிறோம். தேவாலயத்தைப் படுக்கவைத்ததுபோல் நீளமான இறக்கைகள். டோர்த்தேயின் வேலை, தேய்த்து முடித்த பரப்பில் மேடு பள்ளம் பார்ப்பது. கையுறையோடு தடவிக்கொண்டே நடப்பார், ஓரிடத்தில் நிற்பார், சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். வீட்டுக்கு வந்ததும் கை நீளமுள்ள இறக்கைகளை அதே உள்ளங்கையால் தடவுகிறார். பைன் மரத்தில் தானே செதுக்கியவை. மோட்டார், பேட்டரி, திருகு, ரிமோட் தவிர அந்த விமானத்தில் கடையில் வாங்கியது எதுவும் இல்லை. உடம்பின் சிவப்புகூட யாரோ டிராக்டருக்குப் பூசி மிஞ்சிய வண்ணம். இரண்டு இறக்கைகளையும் ஓர் ஊசி முனையில் தராசுபோல் நிறுத்தி, எது மேலே போகிறதோ அதன் நுனியில் நகம் அளவு ஒட்டுத்தாள் ஒட்டுவார். எல்லாத் திருகுகளையும் முறுக்கியபின், ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பார். திருகு தளர்ந்தால் பொட்டு வெடித்துவிடும். ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அவர் நகங்களுக்கு அந்தப் பூச்சைப் போட்டு நான் பார்த்ததில்லை.

கட்டுவது டோர்த்தே, ஓட்டுவது அவருடைய அண்ணன் வெர்னர். இது அவர்கள் சிறு வயதிலிருந்தே இருந்துவரும் ஏற்பாடு. டோர்த்தே ஒரே ஒரு தடவை ரிமோட்டைக் கையில் வாங்கி, கட்டைவிரல்கள் உறைந்துபோய், அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். வெர்னர் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார். அவர் தங்கையை 'எலி' என்கிறார். தங்கை அவரைக் 'கிழவா' என்கிறார். இரண்டுமே இங்கே கொஞ்சல்தான்.

வெர்னர் பல வருடங்கள் பால் லாரி ஓட்டியவர். பண்ணைகளின் குறுகலான முற்றங்களில் பின்னோக்கி வந்தே பழகிய கை. எதிர்காற்று நன்றாக இருக்கும் நாளில் அந்தச் சிவப்பு விமானத்தை ஏறக்குறைய நின்ற இடத்தில், இலை இறங்குவதுபோல் இறக்குவார். மைதானத்தில் யாரும் கைதட்டமாட்டார்கள். யாராவது ஒருவர், "அவ்வளவு மோசமில்ல" என்பார். டென்மார்க்கின் இந்த மேற்குக் கரையில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. வெர்னர் தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொள்வார். திருமணம் முறிந்தபின் தனியாக வாழ்கிறார். வாரம் முழுக்க அவரிடம் யாரும் பேசியிருக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் ஓர் ஆள்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விமானம் விழுந்தாலும், தவறு செய்தவர் அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். தொழிற்சாலையிலும் அப்படித்தான், தவறு செய்தவன் வாங்கித் தருவான், மற்றவர்கள் தின்றுகொண்டே கிண்டல் செய்வார்கள், விஷயம் முடிந்துவிடும். மைதானத்தில் அது இன்னும் கறார். கட்டியதில் பிழை என்றால் கட்டியவர் கேக். ஓட்டியதில் பிழை என்றால் ஓட்டியவர் கேக். அதனால் விமானம் விழுந்த சத்தம் அடங்கியதும் 'யார் தப்பு' என்று யாரும் கேட்பதில்லை. "கேக் யாரோடது?" என்றுதான் கேட்பார்கள்.

இந்த வருடம் கேக் எல்லாம் டோர்த்தேயுடையது.

வசந்தத்தில் அது தொடங்கியது. வானத்தில் விமானம் இடமும் வலமுமாக மெல்ல நடுங்கியது. குளிரில் நிற்கும் நாய்போல. இறக்கைகளின் எடை சரியில்லை என்றார் டோர்த்தே. ஊசி முனையில் மறுபடி நிறுத்தினார். நடுங்கியது. இரண்டு இறக்கைகளும் ஒரே உயரத்தில் சுற்றவில்லை என்று அடியில் மெல்லிய தகடு வைத்தார். நடுங்கியது. தலையில் உள்ள கீல் தளர்ந்திருக்கும் என்று புதுக் கீல் செய்தார். கோடை முழுக்க ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார். இரண்டு முறை இறங்கும்போது கவிழ்ந்தது. இரண்டு முறையும் கனவுக் கேக் செய்தார். மேலே தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் உருக்கி ஊற்றுவார்களே, அது.

"உன் விமானம் இப்படியே விழுந்துட்டிருந்தா எனக்குப் பேண்ட் பத்தாது, டோர்த்தே" என்றார் ஹோல்கர், இரண்டாவது துண்டை எடுத்தபடி. மைதானத்தின் பாதுகாப்புக்குப் பொறுப்பு அவர்தான்.

"சின்னத் துண்டா எடு" என்றார் டோர்த்தே.

"அடுத்த தடவை தேங்கா கொஞ்சம் தூக்கலாப் போடு. மோசமில்ல."

ஆகஸ்டில் ஒரு மாலை, சமையலறை மேசையில் விமானத்தைக் கவ்வியில் பிடித்து நிறுத்தியிருந்தார் டோர்த்தே. இறக்கைகளைக் கழற்றியாகிவிட்டது. மேல் விசிறியின் தலை மட்டும் நின்றது. ரிமோட்டின் குச்சி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அந்தத் தலை சாயும். விமானம் திரும்புவது அப்படித்தான். வெர்னர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"குச்சிய நடுவுல பிடிச்சுட்டு சும்மா இரு, கிழவா."

"சும்மாதான் இருக்கேன்."

"அசையாத."

"அசையலையே, எலி."

தலை அசைந்தது. பெரிதாக இல்லை, ஆனால் நிற்கவே இல்லை. குச்சியின் மேல் இருந்த கட்டைவிரலில் ஒன்றும் தெரியவில்லை. அது மறைத்ததை அந்த மர உருவம் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது.

"ரிமோட்ட மேசைல வை."

வைத்தார். தலை நின்றது.

நாங்கள் மூவரும் அந்த நின்ற தலையைப் பார்த்தோம். வெர்னர் கைகளை மேசைக்கு அடியில் கொண்டுபோனார்.

"ஆடுச்சா?"

"ஆடுச்சு" என்றார் டோர்த்தே. "உள்ள இருக்கிற சின்ன மோட்டாரோட பல்லு தேஞ்சிருக்கு. புதுசு போடணும்."

"அதுவாத்தான் இருக்கும்."

"அதேதான்."

"காப்பி இருக்கா?"

டோர்த்தே ஊற்றினார். அரைக் கோப்பைதான். அண்ணனுக்குச் சில மாதங்களாகவே அரைக் கோப்பைதான் ஊற்றுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

புது மோட்டார்களை வாங்கிப் பொருத்தவும் செய்தார். கழற்றிய பழையவற்றைப் பிரித்துப் பார்த்தேன். பற்கள் கூர்மையாகவே இருந்தன.

ஞாயிறுகளில் எங்கள் ஊருக்குப் பேருந்து கிடையாது. டோர்த்தேயின் காரில்தான் மைதானத்துக்குப் போவேன். பின் இருக்கையில் விமானத்துக்குப் போக மிஞ்சிய இடம் எனக்கு. வெர்னர் சளி என்று வராத ஒரு ஞாயிறு, அறுத்து முடித்த வயல்களின் நடுவே ஓட்டிக்கொண்டே டோர்த்தே தானாகவே பேசினார்.

"மார்ச்லயே லாரி சாவியக் குடுத்துட்டான். முதுகு வலின்னு சொன்னான். அவன் முதுகுல ஒண்ணும் இல்ல."

"டாக்டர்கிட்ட?"

"போகமாட்டேங்கிறான். போனா அதுக்கு ஒரு பேரு வச்சிருவாங்களாம்." கொஞ்ச தூரம் ஓட்டினார். "ரிமோட்டையும் வாங்கிட்டாங்கன்னா ஜன்னல்கிட்ட உக்காந்து வயலப் பாத்துட்டே இருப்பான். அவ்வளவுதான் அவன்."

கியர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த மிட்டாய்ப் பொட்டலத்தைப் பின்னால் நீட்டினார்.

செப்டம்பரில் டோர்த்தே ஒரு காரியம் செய்தார். ரிமோட்டுக்குள்ளேயே அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு: குச்சியை நடுவில் மந்தமாக்கிவிடலாம். அப்போது சின்னச் சின்ன அசைவுகள் விமானத்துக்குப் போய்ச் சேராது. நன்றாகத் தள்ளினால்தான் கேட்கும். தொடக்கக்காரர்களுக்காக வைத்தது. நாற்பது வருடம் ஓட்டியவருக்கு அதைச் செய்வது, வளர்ந்த மனிதனின் சைக்கிளில் ரகசியமாகப் பக்கச் சக்கரம் மாட்டுவதுபோல. வெர்னரிடம் சொல்லவில்லை. "புது மோட்டார் போட்டிருக்கேன், பாரு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

அந்த ஞாயிறு விமானம் நடுங்கவில்லை. ஈரமான புல்லுக்கு மேலே, சாம்பல் வானத்தில், சிவப்பாக, அமைதியாக வட்டமடித்தது. ஹோல்கர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மோட்டார்தானா! இவ்வளவு நாளா மோட்டாரா!" என்றார். டோர்த்தே காலணிச் சேற்றைப் புல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். வெர்னர் வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஓட்டினார். இறங்கியபின் ரிமோட்டை உடனே தராமல், குச்சியைக் கட்டைவிரலால் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கீழே இழுத்துக்கொண்டார்.

அப்படி ஐந்தாறு ஞாயிறுகள் போயின.

நவம்பரின் முதல் ஞாயிறு காற்று பலமாக இல்லை. ஆனால் ஒழுங்காகவும் இல்லை. ஆட்டோகைரோ கிளம்பும் முன் பொறுமை வேண்டும். மூக்கைக் காற்றுக்கு எதிரே வைத்து, மேல் விசிறி போதுமான வேகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். வெர்னர் காத்திருந்தார். அவசரப்படவில்லை. சத்தம் சரியாக மாறியபின்தான் கிளப்பினார். தரையைவிட்டு ஓர் ஆள் உயரம் எழுந்த நேரத்தில் வலப்பக்கம் ஒரு காற்று வீசித் தூக்கியது. நாற்பது வருடம் தள்ளிய அளவுக்குத்தான் அவர் கட்டைவிரல் தள்ளியது. மந்தமான குச்சி அதில் பாதியைத்தான் விமானத்துக்குக் கொடுத்தது. விமானம் இடப்பக்கம் சரிந்தது. இறக்கை ஒன்று தரையைத் தொட்டு, முறிந்து, தெறித்துப் பறந்தது.

அது போய்க் குத்தி நின்ற இடம், ஹோல்கரின் மனைவி உல்லா காப்பிக் குடுவையோடு உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்து மண். உல்லா எழுந்திருக்கவில்லை. குடுவையின் மூடியைத் திருகி மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார்.

"கேக் யாரோடது?" என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை.

ஹோல்கர் அந்த இறக்கையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்தார். "சிரிச்சுட்டு விடற விஷயமில்ல இது. அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்குத் தெரிஞ்சாகணும். மெஷின்ல தப்புன்னா திரும்பக் கட்டு. நான் பாத்துட்டு விடறேன். கைல தப்புன்னா..." வெர்னரைப் பார்க்காமல் இறக்கையைப் பார்த்துச் சொன்னார். "கைன்னா, அந்தக் கை இனிமே இங்க ஓட்டாது."

"மெஷின்தான்" என்றார் டோர்த்தே. மிக வேகமாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் தொழிற்சாலையில், பெரிய இறக்கை ஒன்றின் நிழலில், முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "மந்தமாக்கினது நான். தப்பு என்னோடதுதான். அதச் சொல்லிருவேன், கஷ்டமில்ல. ஆனா ஏன் மந்தமாக்கினேன்னு கேப்பாங்களே?"

"வேற என்ன சொல்வீங்க?"

"பாப்போம்."

என்ன செய்யப்போகிறார் என்பது சனிக்கிழமை தெரிந்தது. அடுப்பில் கேக் வெந்துகொண்டிருந்தது, தேங்காய் வாசனை. மேசையில் உடைந்த விமானம் கிடந்தது. வால் போய்விட்டது, மூக்கு போய்விட்டது. மேல் விசிறியின் தலை மட்டும் முழுதாக இருந்தது. அவ்வளவு அடிபட்டும் அதன் திருகுகளில் ஒன்றுகூடத் தளரவில்லை. சிவப்புப் பொட்டுகள் வட்டமாக, முழுசாக இருந்தன. டோர்த்தே திருப்புளியை எடுத்து நடுத் திருகில் வைத்தார். இடப்பக்கம் திருப்பினார். பொட்டு இரண்டாக வெடித்தது. ஒரு சுற்று, இன்னொரு அரைச் சுற்று. கட்டைவிரலால் தலையை ஆட்டிப் பார்த்தார். ஆடியது.

"ம்" என்றார். அடுப்பைப் பார்க்க எழுந்து போனார்.

ஞாயிறு மழை. யாரும் ஓட்டப்போவதில்லை, ஆனாலும் வந்திருந்தார்கள். கிளப்பின் மரக்கொட்டகையில் மின்கணப்பு, ஈரத் துணி காயும் நாற்றத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தது. டோர்த்தே கேக் டப்பாவை மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். பக்கத்தில் அந்தத் தலையை வைத்தார்.

"ஸ்க்ரூவ சரியா முறுக்கல. கேக் என்னோடது."

ஹோல்கர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி, வெடித்த பொட்டைப் பார்த்தார். திருகை விரலால் தொட்டார், அது சுழன்றது. "உன் ஸ்க்ரூவா?" என்றார். "டோர்த்தே, உன் ஸ்க்ரூவா தளர்ந்துச்சு?"

"வயசாகுது."

"எங்க வீட்டு நாற்காலியக் கூட நீதான முறுக்கிக் குடுத்த. இன்னும் கிறீச்சுனு ஒரு சத்தம் வரல."

"அது நாற்காலி."

"வெர்னர் எங்க?"

"சளி. நான்தான் வர வேணாம்னு சொன்னேன்."

அப்போது வெளியே சைக்கிள் ஒன்று சுவரில் சாய்ந்த சத்தம் கேட்டது. கதவு திறந்தது. வெர்னர் தலை முதல் கால்வரை நனைந்திருந்தார். கையில் கடையில் வாங்கிய கேக் பெட்டி ஒன்று. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி. உள்ளே வெள்ளை கிரீம் ஒரு பக்கமாக மூடியில் அப்பிக்கிடந்தது. பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மேசைவரை நடந்துவந்தார். அந்த மூடி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. அவர் கீழே வைக்கும்வரை அது நிற்கவில்லை.

"கேக் என்னோடது" என்றார்.

"கிழவா, நீ வீட்டுக்குப் போ. ஸ்க்ரூ தளர்ந்து..."

"குச்சிய மந்தமாக்கின. முதல் ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சுபோச்சு எனக்கு." குரல் உயரவில்லை. "நல்லாப் பறந்துச்சு. அதான் வாயத் தொறக்கல. சொல்லாம ஓட்டினது நான்தான், எலி."

ஹோல்கர் கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரில் துடைத்தார். துடைத்தது போதும் என்றபின்னும் துடைத்தார். பிறகு தளர்ந்த திருகோடு அந்தத் தலையை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார், மேசையில் இடம் வேண்டும் என்பதுபோல.

"உக்காரு, வெர்னர்" என்றார். "நனைஞ்சிட்ட."

வெர்னர் உட்காரவில்லை. பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்தார். கத்தி கிரீமுக்கு மேலே, எங்கே இறங்குவது என்று தெரியாததுபோல் நின்று நடுங்கியது. உல்லா வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். டோர்த்தே உல்லாவின் கையின் மேல் தன் கையை வைத்து, மெதுவாகக் கீழே இறக்கினார். பிறகு தன்னுடைய டப்பாவை மூடி, பெஞ்சுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, ஒரு காகிதத் தட்டை எடுத்து அண்ணனுக்கு முன்னால் நீட்டினார். நீட்டியபடியே, அசையாமல், பிடித்துக்கொண்டிருந்தார்.